கொழுப்பின் இருப்பிடம்

கொழுப்பு மிகுந்த தீனி தின்ற நாயின் இரத்த பிளாஸ்மா பால்போல வெளுத்துக் கலங்கியிருக்கும். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரினை அந்த நாயின் உடலில் செலுத்தினால் சிறிது நேரத்தில் கலங்கல் தெளிந்துவிடுகிறது என்று 1943-இல் அமெரிக்க ஆய்வாளர் பால் ஹான் கண்டார். அதே ஹெப்பாரினைச் சோதனைக் குழாயில் உள்ள கலங்கிய பிளாஸ்மாவோடு கலந்தால் ஒன்றும் நடப்பதில்லை. எனவே கொழுப்பை உடைத்தது ஹெப்பாரின் அல்ல. உடலுக்குள் எங்கோ ஒட்டியிருந்த வேறொரு பொருளை அது விடுவித்திருக்கிறது. 1955-இல் எட்வர்ட் கோர்ன் அந்தப் பொருளை எலியின் இதயத் திசுவிலிருந்து பெற்று ஆராய்ந்து, லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்று பெயரிட்டார். உடலில் கொழுப்பைச் சேமிக்கும் நொதி என்று இன்று பரவலாகப் பேசப்படுவது இதுதான். ஹார்மோன்கள் இதைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. அந்த உண்மையிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம், எதற்கு வரக்கூடாது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது.

குடலிலிருந்து வரும் கொழுப்பு கைலோமைக்ரான் என்னும் பெரிய துகள்களாகவும், கல்லீரல் அனுப்பும் கொழுப்பு அவற்றைவிடச் சிறிய துகள்களாகவும் இரத்தத்தில் மிதந்து வருகிறது. இரண்டின் உள்ளேயும் இருப்பது டிரைகிளிசரைடு. அந்த வடிவில் அது எந்த உயிரணுவுக்குள்ளும் நுழையாது. தந்துகிகளின் உட்சுவரிலேயே கொழுப்பு அமிலங்களாக உடைபட வேண்டும். உடைக்கும் வேலை லைபேஸினுடையது. கொழுப்பு உயிரணு, தசை உயிரணு, இதய உயிரணு ஆகியவை தத்தம் தேவைக்கு இந்த நொதியை உண்டாக்கி வெளியே அனுப்ப, தந்துகியின் சுவரிலுள்ள ஒரு சிறு புரதம் அதைப் பற்றிக் கடத்தி உட்பக்கம் கொண்டு நிறுத்துகிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டீபன் யங் குழுவினர் அந்தப் புரதத்தின் பணியை 2007-இல்தான் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு திசுவும் தன் வாசலில் தனக்கென ஒரு லைபேஸை நிறுத்தியிருக்கிறது என்பது முக்கியமான செய்தி. உண்டபின் கொழுப்புத் திசுவின் லைபேஸ் உயர்கிறது, தசையினுடையது தாழ்கிறது. பட்டினியில் இது தலைகீழாகிறது. ஒரே நொதி, ஒரே இரத்தம், ஒரே வேளை. ஆனால் திசுவுக்குத் திசு எதிரெதிர்த் திசை. உடலின் மொத்தக் கொழுப்பைக் கூட்டுவதற்கென்றே அமைந்த ஒரு பொறியை இயற்கை இப்படி வடிவமைத்திருக்காது.

வெகுமக்கள் நூல்களில் வரும் விளக்கம் வேறு. அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் கேரி டாப்ஸ் போன்றவர்கள் அதை வலுவாக முன்வைத்தார்கள்: மாவுச்சத்து இன்சுலினை உயர்த்துகிறது, இன்சுலின் கொழுப்புத் திசுவின் லைபேஸை உயர்த்துகிறது, லைபேஸ் கொழுப்பை உள்ளே இழுக்கிறது, ஆகவே உடல் பருக்கிறது. இந்தச் சங்கிலியின் முதல் மூன்று கண்ணிகளும் பெரும்பாலும் சரியானவை. அவற்றிலிருந்து நான்காவதற்குத் தாவுவதற்குத்தான் சான்று போதவில்லை. ஹார்மோன்கள் லைபேஸ் வழியாக முடிவு செய்வது கொழுப்பு எங்கே, எப்போது சேர வேண்டும் என்பதை. எவ்வளவு சேரும் என்பது பெரும்பாலும் வேறிடத்தில் முடிவாகிறது என்பதே என் வாதம். எந்த மடை திறந்திருக்கிறது என்று பார்த்தால் எந்த வயல் நனையும் என்று சொல்லலாம். ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

இன்சுலின் இந்த நொதியை எப்படி ஆள்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நொதியின் மரபணுவைத் தூண்டி அதிக நொதியை உண்டாக்குவதே இன்சுலினின் முதன்மை வேலை என்று எண்ணத் தோன்றும். அப்படி ஒரு விளைவும் உண்டு, ஆனால் அது மெதுவானது. சுவீடனின் ஊமியோ நகரில் தாமஸ் ஒலிவெக்ரோனா, குனில்லா ஒலிவெக்ரோனா குழுவினர் எலிகளில் கண்டது வியப்பானது. பட்டினி கிடக்கும் எலியின் கொழுப்புத் திசுவில் நொதிப் புரதத்தின் அளவைவிட அதன் செயல்திறன்தான் வெகுவாகக் குறைகிறது. இருக்கும் நொதியே செயலற்ற வடிவத்துக்கு மாறிவிடுகிறது. மரபணுக்களின் படியெடுப்பை மருந்தால் நிறுத்தியபோது நொதியின் செயல் மேலும் குறையவில்லை, உயர்ந்தது. பட்டினியின்போது வேறொரு மரபணு இயங்கி, குறைந்த ஆயுளுள்ள ஒரு தடைப்புரதத்தை உண்டாக்கினால்தான் இப்படி நடக்க முடியும். 2002-இல் அவர்கள் வந்தடைந்த முடிவு அது. அந்தப் புரதம் ஆஞ்சியோபொயட்டின் போன்ற புரதம்-4 என்பதும், அது இரட்டையாக இணைந்திருக்கும் லைபேஸைப் பிரித்துச் செயலிழக்கச் செய்கிறது என்பதும் 2006-இல் வெளியாயின. உண்டபின் இன்சுலின் செய்வதில் பெரும்பகுதி இந்தத் தடையை அகற்றுவதுதான். அதே வேளையில், கல்லீரல் சுரக்கும் இதன் உறவுப் புரதங்களான மூன்றும் எட்டும் ஒன்றுசேர்ந்து தசையிலும் இதயத்திலும் உள்ள லைபேஸுக்குத் தடை போடுகின்றன. எட்டாவது இன்சுலினால் உயர்வது. ஓரிடத்தில் தடை விலக, மற்றோரிடத்தில் தடை விழுகிறது. கொழுப்பு போகும் திசையைத் திருப்பும் ஏற்பாடு இது.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆக்ஸ்ஃபோர்டில் கீத் ஃப்ரெய்ன் மனிதர்களின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பிலிருந்து வெளியேறும் இரத்தத்தையும் உட்செல்லும் இரத்தத்தையும் ஒப்பிட்டு அளந்தவர். இன்சுலின் உணவுக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் தொடுகிறது. கொழுப்புத் திசுவின் லைபேஸ் செயலோ மூன்று, நான்கு மணி நேரம் கழித்தே உச்சத்துக்கு வருகிறது. உணவுக் கொழுப்பு குடலிலிருந்து இரத்தத்தை அடையவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது. இதைவிட முக்கியமாக, லைபேஸ் உடைத்த கொழுப்பு அமிலங்கள் அனைத்தும் கொழுப்பு உயிரணுவுக்குள் போவதில்லை என்பதையும் அந்த அளவீடுகள் காட்டின. கணிசமான பகுதி இரத்தத்திலேயே வழிந்து போகிறது. நொதி கூடினால் சேமிப்பும் அதே அளவு கூடும் என்ற எளிய கணக்கு இங்கேயே ஆட்டம் காண்கிறது.

பாலின ஹார்மோன்களின் கதையில்தான் 'எங்கே' என்ற கேள்வி முழு வலிமையோடு வெளிப்படுகிறது. 1947-இல் மார்செய் நகர மருத்துவர் ஜான் வாக், இடுப்புக்கு மேல் பருப்பதும் இடுப்புக்குக் கீழ் பருப்பதும் வேறு வேறு நிலைகள் என்றும், நீரிழிவும் இரத்தக் குழாய் நோய்களும் முதல் வகையோடுதான் சேர்ந்து வருகின்றன என்றும் எழுதினார். நெடுநாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1984-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பெர் பியோர்ன்டார்ப் உள்ளிட்டோர் ஆண்களையும் பெண்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, இடுப்பளவுக்கும் பிட்டச் சுற்றளவுக்கும் இடையிலான விகிதம் இதய நோயை முன்னறிவிக்கிறது என்று காட்டிய பிறகே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. அதே நகரில் மரியேல் ரெபுஃபே-ஸ்க்ரீவ் ஒரு படி மேலே போனார். மாதவிடாய் நிகழும் பருவத்துப் பெண்களின் தொடைக் கொழுப்பில் லைபேஸின் செயல் வயிற்றுக் கொழுப்பில் இருப்பதைவிட அதிகம் என்று அவர் அளந்து கண்டார். கருவுற்ற தொடக்கத்திலும் இந்த வேறுபாடு நீடிக்கிறது. ஆனால் பாலூட்டும் தாய்மார்களிடம் காட்சி மாறுகிறது: தொடையில் லைபேஸ் குறைகிறது, அங்கே சேர்ந்திருந்த கொழுப்பை உடைத்து வெளியேற்றும் திறன் கூடுகிறது. மாதவிடாய் நின்றபின் தொடையின் அந்தத் தனித்தன்மை மறைந்துபோகிறது.

இந்த முடிவுகளை நான் மிகவும் மதிக்கிறேன். பெண்ணுடலின் தொடைக் கொழுப்பைக் குறையாகவே பார்த்துப் பழகிய சமூகங்களுக்கு, அது வரப்போகும் குழந்தையின் பாலுக்கென உடல் திட்டமிட்டு ஒதுக்கும் இருப்பு என்று இவை சொல்கின்றன. 1974-இல் எலிகளில் நடந்த ஆய்வு இதற்கு வலுவூட்டியது: புரோலாக்டின் பால் சுரப்பியின் லைபேஸை உயர்த்துகிறது, கொழுப்புத் திசுவின் லைபேஸைத் தாழ்த்துகிறது. உணவிலிருந்து வரும் கொழுப்பு இடுப்புக்கும் தொடைக்கும் போகாமல் நேரே பாலுக்குப் போகிறது. பாலூட்டும் தாயின் மொத்த ஆற்றல் வரவுசெலவு அவள் என்ன உண்கிறாள், எவ்வளவு பால் கொடுக்கிறாள் என்பதைப் பொறுத்தது. வந்த கொழுப்பை எங்கே இறக்குவது என்பதை மட்டுமே ஹார்மோன் பார்த்துக்கொள்கிறது.

மற்ற ஹார்மோன்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். எலியின் கொழுப்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் லைபேஸைத் தாழ்த்துகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் வயிற்றுக் கொழுப்பில் அதையே செய்கிறது. அதனால்தான் வயதாகி டெஸ்டோஸ்டிரோன் குறையும்போது தொப்பை வளர வாய்ப்பு கூடுகிறது. கார்ட்டிசால் தனியாக அதிகம் செய்வதில்லை. இன்சுலினோடு சேர்ந்தால் மனிதக் கொழுப்புத் திசுவின் லைபேஸைப் பெரிதும் உயர்த்துகிறது. கார்ட்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயில் இதன் விளைவைக் கண்ணாலேயே காணலாம்: வயிறும் முகமும் கழுத்தின் பின்புறமும் பருக்க, கை கால்கள் மெலிகின்றன. ஒரே உடலில், ஒரே ஹார்மோனின் கீழ், ஓரிடத்தில் கொழுப்பு ஏறுகிறது, இன்னோரிடம் வற்றுகிறது.

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று இந்த நொதியே இல்லாதவர்களிடமிருந்து வருகிறது. லைபேஸ் மரபணுவின் இரு படிகளும் பழுதாகிப் பிறப்பவர்கள் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒருவர். 1932-லேயே இந்த நோய் விவரிக்கப்பட்டது. நொதிக் குறைபாடே காரணம் என்று 1960-இல் ரிச்சர்ட் ஹாவலும் ராபர்ட் கார்டனும் காட்டினர். இவர்களின் இரத்தம் எப்போதும் பால்போல இருக்கும். கணைய அழற்சி திரும்பத் திரும்ப வந்து உயிருக்கே ஆபத்தாகும். சேமிக்கும் நொதி இல்லாதவர்கள் எலும்பும் தோலுமாக இருக்க வேண்டுமல்லவா? இல்லை. அவர்களின் கொழுப்புத் திசு ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே இருக்கிறது. அந்தத் திசுவில் மாறியிருப்பது கொழுப்பின் அமைப்பு. உணவிலிருந்து மட்டுமே கிடைக்கக்கூடிய லினோலெயிக் அமிலம் அதில் குறைந்திருக்கிறது. உடலே உண்டாக்கக்கூடிய கொழுப்பு அமிலங்கள் கூடியிருக்கின்றன. நேர்வழி அடைபட்டதும் உயிரணு சர்க்கரையிலிருந்து தானே கொழுப்பை உருவாக்கி இடத்தை நிரப்பிக்கொள்கிறது. கொழுப்புத் திசுவில் மட்டும் லைபேஸ் இல்லாதபடி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளிலும் இதே கதைதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை அற்பமானவை அல்ல. பருமன் மரபாக வரும் சூக்கர் எலிக்குட்டிகளில், அவை கண்ணுக்குத் தெரியப் பருக்கும் முன்பே, கொழுப்புத் திசுவின் லைபேஸ் உயர்ந்திருக்கிறது. இதை வைத்தே அமெரிக்க ஆய்வாளர் கிரீன்வுட் 1985-இல் லைபேஸை வளர்சிதை மாற்றத்தின் வாயிற்காவலன் என்றார். 1990-இல் ஃபிலிப் கெர்ன் குழுவினர், மிகவும் பருமனான ஒன்பது பேர் பெருமளவு எடையைக் குறைத்து அதை நிலைநிறுத்திய பிறகு அளந்து பார்த்தபோது லைபேஸ் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்ததைக் கண்டனர். மெலிந்த உடல் பழைய எடைக்குத் திரும்ப முயல்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா என்று கேட்கலாம். திரும்ப முயல்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் உயர்ந்த லைபேஸ் அந்த முயற்சியின் ஓர் உறுப்பே, ஊற்று அல்ல. பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இல்லாமல் பிறந்து வயிறு நிறையாமல் தின்றுகொண்டே இருக்கும் சுண்டெலியின் கொழுப்புத் திசுவிலிருந்து லைபேஸை நீக்கியபோது அது முன்னளவு பருக்கவில்லை, ஆனாலும் பருத்தது. பசியைத் தூண்டும் கோளாறு மூளையில் இருக்கும்வரை கொழுப்பு ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடுகிறது. எடை குறைத்தவருக்கு மீண்டும் பசி கூடுவதும் லெப்டின் குறைந்ததை மூளை உணர்வதால்தான். லைபேஸ் அந்தக் கட்டளைக்குத் திசுக்களில் நடக்கும் ஆயத்தங்களில் ஒன்று.

இரண்டாவது எதிர்வாதம் இன்சுலினைப் பற்றியது, அது இன்னும் கூர்மையானது. முதல் வகை நீரிழிவில் இன்சுலின் இல்லாமல் உடல் உருகிப்போகிறது. இன்சுலின் கொடுத்ததும் சதை பிடிக்கிறது. அப்படியானால் மொத்த அளவையும் இன்சுலின்தானே தீர்மானிக்கிறது? இன்சுலின் முற்றிலும் இல்லாத நிலையில் ஆம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த உருகலில் லைபேஸின் பங்கு சிறிது. சேமித்த கொழுப்பை உடைக்கும் நொதிகளை அடக்கிவைப்பதே இன்சுலினின் மிக நுண்ணிய பணி. மிகக் குறைந்த அளவிலேயே அது இதைச் செய்துவிடுகிறது. அந்த அடக்கம் போனதும் கொழுப்பு வெள்ளமாக வெளியேற, சர்க்கரையும் சிறுநீரில் கலந்து கலோரிகளாக வீணாகிறது. இன்சுலின் போதிய அளவு இருக்கும் ஒருவரிடம் அது இன்னும் சற்று ஏறி இறங்குவதால் மொத்தக் கொழுப்பு மாறுமா என்பது தனிக் கேள்வி. அதற்கு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2015-இல் வெளியிட்ட சோதனை ஒரு விடை தருகிறது. பருமனான 19 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, ஒரே அளவு கலோரியை ஒருமுறை மாவுச்சத்திலிருந்தும் இன்னொருமுறை கொழுப்பிலிருந்தும் குறைத்தார். மாவுச்சத்தைக் குறைத்தபோது இன்சுலின் சுரப்பு தெளிவாக இறங்கியது. ஆனால் உடல் கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது கொழுப்பைக் குறைத்தபோதுதான்: நாளொன்றுக்கு 89 கிராம், மாவுச்சத்தைக் குறைத்தபோது 53 கிராம். ஆறு நாள் சோதனை ஆண்டுக்கணக்கான வாழ்க்கைக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். மாவுச்சத்தைக் குறைத்தால் பலருக்குப் பசி தணிகிறது, அது அவர்களுக்கு உதவுகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. இன்சுலின் இறங்கிய அளவுக்குக் கொழுப்பும் கூடுதலாகக் கரையும் என்ற கணிப்பு மட்டும் அங்கே பொய்த்தது.

மூன்றாவது சான்று என்னை என் வாதத்தின் எல்லையைக் குறுக்கிக்கொள்ள வைக்கிறது. தசையில் மட்டும் லைபேஸ் மிகையாக இருக்கும்படி உருவாக்கிய சுண்டெலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தபோது மற்றவற்றைப் போல அவற்றுக்குக் கொழுப்பு சேரவில்லை என்று 1997-இல் கொலராடோ ஆய்வாளர்கள் அறிவித்தனர். எரிக்கும் திசுவுக்குக் கொழுப்பைத் திருப்பினால் அதில் ஒரு பகுதி எரிந்தே போகிறது. ஆக, இடமும் அளவும் முற்றிலும் தொடர்பற்றவை அல்ல. பின்னங்கால்களை அசையவிடாமல் செய்த எலிகளின் கால்தசையில் லைபேஸ் ஒரு நாளுக்குள்ளேயே சரிவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தசையைச் சும்மா விடுவது கொழுப்புக்குரிய ஒரு வாசலை மூடுவதாகிறது. ஆனாலும் இந்தத் தொடர்பு இடத்திலிருந்து அளவுக்குப் போகிறதே தவிர, கொழுப்புத் திசுவின் லைபேஸே பருமனுக்கு மூலம் என்ற பழைய கதையை மீட்டுக்கொடுப்பதில்லை.

அளவைவிட இடம் முக்கியம் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. கொழுப்பைச் சேமிக்கும் திறன் நோய்க்குக் காரணம் என்றால், அந்தத் திறன் இல்லாதவர்கள் நலமாக இருக்க வேண்டும். பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாதவர்களுக்குக் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் படிந்து கடுமையான நீரிழிவு வருகிறது. அத்தகைய சுண்டெலிகளுக்கு நலமான கொழுப்புத் திசுவை ஒட்டியபோது நீரிழிவு தணிந்தது. மனிதர்களில் இன்னொரு சான்று உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில், முன்பு கண்ட நான்காம் தடைப்புரதம் (ஆஞ்சியோபொயட்டின் போன்ற புரதம்-4) சரியாக வேலை செய்யாதபடி ஒரு மரபணு மாற்றத்தோடு பிறக்கிறார்கள். லைபேஸுக்கான தடை இவர்களுக்குத் தளர்ந்திருக்கிறது. சேமிக்கும் நொதியே பருமனுக்கு மூலம் என்ற கதைப்படி இவர்கள் பருத்தும் நோயுற்றும் இருக்க வேண்டும். இவர்களின் இரத்தத்தில் டிரைகிளிசரைடு குறைவு. இதய நோயும் இரண்டாம் வகை நீரிழிவும் மற்றவர்களைவிடக் குறைவு.

இந்தியர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 2004-இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. தெற்காசியர்கள் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாவதைச் சென்னை உட்படப் பல நகரங்களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. தோலடிக் கொழுப்பின் கொள்ளளவு இவர்களுக்குச் சீக்கிரம் நிரம்பி, மிச்சம் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் வழிகிறது என்று ஆலன் ஸ்னைடர்மேன் உள்ளிட்டோர் 2007-இல் ஒரு கருதுகோளை வைத்தனர். இது லைபேஸின் வேலை என்று நான் சொல்லவில்லை. கொழுப்பு எங்கே இறங்குகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு எடைப்பொறியை மட்டும் பார்க்கும் மருத்துவம் நம் மக்களைத் தவறாகக் கணிக்கும் என்று மட்டும் சொல்கிறேன். ஆசியருக்கு 23-லிருந்தே எச்சரிக்கை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறியதும், இந்தியரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று இடுப்பளவுக்கு எல்லை வகுக்கப்பட்டிருப்பதும் இந்தப் புரிதலின் பயன்கள்.

மருந்தாக்குவோரும் இந்தப் பாடத்தைக் கடினமான வழியில் கற்றார்கள். நான்காம் தடைப்புரதம் பிறவியிலேயே பழுதானவர்கள் நலமாக இருப்பதைக் கண்டு, அந்தப் புரதத்தை எதிர்ப்புரதத்தால் முடக்க முயன்றனர். சுண்டெலிகளிலும் குரங்குகளிலும் டிரைகிளிசரைடு நன்றாகவே இறங்கியது. ஆனால் குடலைத் தாங்கும் சவ்விலுள்ள நிணநீர்க் கணுக்களில் கொழுப்பு குவிந்தது. சுண்டெலிகளில் கடும் அழற்சியும் வந்தது. குடலிலிருந்து கொழுப்பு முதலில் பாயும் அந்த இடத்தில், விழுங்கணுக்கள் தம்மைக் காத்துக்கொள்ள இதே தடைப்புரதத்தைத்தான் நம்பியிருக்கின்றன. உடல் முழுதும் ஒரே நேரத்தில் தடையை நீக்கியது அங்கே கேடாக முடிந்தது. அதன்பின் ஆய்வாளர்களின் கவனம் கல்லீரல் சுரக்கும் மூன்றாம் புரதத்தின் பக்கம் கூடுதலாகத் திரும்பியது. அதை முடக்கும் எவினாகுமாப் என்ற மருந்துக்கு, மரபாக வரும் கடுமையான கொலஸ்ட்ரால் நோய்க்காக, அமெரிக்காவில் 2021-இல் ஒப்புதல் கிடைத்தது.